ஏட்டில் ஏறும் ஆட்டம்

மதுரையிலிருந்து தேனி நெடுஞ்சாலையில் மேற்கே செல்வோருக்குத் துணையாக, படுத்துக் கிடக்கும் பாம்பின் முதுகைப் போல நெடுந்தொலைவு நீண்டு வரும் குன்றுத் தொடர் நாகமலை எனப்படுகிறது. அதன் அடிவாரத்தில் உள்ள நாகமலை புதுக்கோட்டையும் அந்த மலையின் பெயரோடு சேர்த்தே அறியப்படுகிறது. மலைக்கு அப்பெயர் வந்த விதத்தைப் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் 28ஆம் படலத்தில் கூறுகிறது: வேள்வித் தீயிலிருந்து எழுந்து மதுரையை அழிக்க வந்த பெரும்பாம்பை அனந்தகுண பாண்டியன் அம்பெய்து வீழ்த்த, அது விழுந்த இடத்திலேயே மலையாயிற்று என்பது கதை. கதையைக் காட்டிலும் அது இடம்பெற்ற நூலின் தலைப்பே இங்கு கூர்ந்து நோக்கத்தக்கது. மதுரையில் இறைவன் நிகழ்த்தியவையாகச் சொல்லப்படும் 64 செயல்களுக்கும் அந்நூல் ‘விளையாடல்’ என்றே பெயரிட்டது. ஓர் ஊரின் கதைகளெல்லாம் விளையாட்டு என்னும் சொல்லுக்குள் அடங்கியிருப்பது தமிழுக்குக் கிடைத்த பேறு.

அருகிலேயே, கீழக்குயில்குடியை ஒட்டிய சமணமலையில், செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் ஆகிய இடங்களில் தீர்த்தங்கரர் சிற்பங்களும் 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன; குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்னும் சமண நிலையத்தைச் சேர்ந்தோர் அவற்றில் குறிக்கப்படுகின்றனர். துறவியரின் உறைவிடத்தைக் குறித்து வந்த ‘பள்ளி’ என்னும் சொல்லே பின்னர்க் கல்வி கற்பிக்கும் இடத்துக்கும் பெயராயிற்று. புராணம் பாம்பை ஏவியோராகச் சமணரைச் சொல்கிறது. கல்வெட்டோ அதே சமணர் பக்கத்து மலையில் கற்றும் கற்பித்தும் வாழ்ந்ததைச் சொல்கிறது. இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு மலையின் கதையை எழுத முன்வருவோர் இவ்விரண்டையும் ஒருசேர எழுதியாக வேண்டும். ஒன்றை மறைத்து மற்றொன்றைச் சொல்வது பிள்ளைகளின் அறிவை மதிப்பதாகாது.

கதை, விளையாடல், பள்ளி என்னும் மூன்றும் ஒரு மலையடியில் கூடிக் கிடக்க, இன்றைய பள்ளி நாளில் கதை நூலகப் பாடவேளைக்கும் ஆட்டம் உடற்கல்விப் பாடவேளைக்கும் பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. தேர்வு நெருங்கினால் அவ்விரு பாடவேளைகளும் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடனாகப் போய்விடுவதும் பல பள்ளிகளில் வழக்கம். சிறார் இதழ்களிலும் இதே பிரிவினை நிலவுகிறது. கதை எழுதுவோர் மதிக்கப்படுகின்றனர், பரிசு பெறுகின்றனர். ஒரு தெரு விளையாட்டைப் பிள்ளைகள் தாமே படித்து, கேட்பதற்குப் பெரியவர் எவரும் பக்கத்தில் இல்லாதபோதும் ஆடத்தக்க வகையில் எழுதுவதோ எழுத்தாகவே எண்ணப்படுவதில்லை. உண்மையில் அது கதை எழுதுவதற்கு எவ்வகையிலும் குறையாத உரைநடைப் பணி. கதையில் ஒரு வரி தெளிவற்றிருந்தால் வாசிக்கும் பிள்ளை அதைத் தாண்டிப் போய்விடும்; ஆட்ட விதியில் ஒரு வரி தெளிவற்றிருந்தால் ஆட்டமே நின்று சண்டை மூண்டுவிடும்.

தமிழில் சிறார்க்கான அச்சு உரைநடை பள்ளிப் பாடத்தை ஒட்டியே வளர்ந்தது. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை 1822இல் லண்டனில் அச்சேறியது. தாண்டவராய முதலியார் மொழிபெயர்த்த பஞ்சதந்திரம் 1826இல் வெளிவந்தது. மொழி பயிலும் வெள்ளையருக்கெனவும் பள்ளிகளுக்கெனவும் வெளியான இத்தகைய நூல்களின் வழியாக, கதை என்றால் முடிவில் ஒரு நீதி தொங்க வேண்டும் என்னும் பழக்கம் பாடநூல்களில் வேரூன்றிவிட்டது. அந்தப் பிடியைத் தளர்த்தியவை இதழ்களே. 1947 ஜூலையில் நாகிரெட்டி, சக்ரபாணி ஆகியோரின் முயற்சியில் சென்னையிலிருந்து வெளிவந்த அம்புலிமாமா, அழ. வள்ளியப்பாவும் பிறரும் சேர்ந்து 1950இல் தொடங்கிய குழந்தை எழுத்தாளர் சங்கம், பின்னர் வந்த கண்ணன், கோகுலம், வாண்டுமாமாவின் பொறுப்பில் வெளியான பூந்தளிர், தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்திவரும் துளிர் எனத் தலைமுறைதோறும் பிள்ளைகளின் கைக்கு ஏதேனும் ஓர் இதழ் வந்துகொண்டேயிருந்தது.

இவற்றுள் அம்புலிமாமாவின் விக்கிரமாதித்தன், வேதாளம் கதைகளை இந்தக் கோணத்தில் பார்ப்பது பயன் தரும். தோளில் பிணத்தைச் சுமந்தபடி கையில் வாளோடு நடக்கும் அரசனை ஓவியர் சங்கர் வரைந்த படம் இன்றும் பலர் நினைவில் நிற்கிறது. அந்தத் தொடர் இத்தனை தலைமுறைகளைக் கட்டிப்போட்டதற்குக் காரணம் அதன் சட்டகம் ஓர் ஆட்டமாக இருந்ததுதான். வேதாளம் கதை சொல்லி ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் அரசன் வாய் திறக்காவிட்டால் அவன் தலை வெடித்துவிடும், வாய் திறந்தால் மௌனம் கலைந்து வேதாளம் மீண்டும் மரத்துக்குப் போய்விடும். இரண்டு பக்கமும் அடைக்கப்பட்ட இந்த விதியை முதல் கதையிலேயே பிள்ளைகள் கற்றுக்கொள்கின்றனர். அதன்பின் ஒவ்வொரு கதையிலும் அரசன் விடை சொல்வதற்கு முன் தாம் சொல்லிவிட முடியுமா என்று முயல்கின்றனர். படிப்பவர் ஆடுபவராகிவிடுகிறார். இந்தச் சட்டகத்தின் வலிமையை உணர்ந்தே இரா. நடராசன் அதனை அறிவியலுக்குத் திருப்பி ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ எழுதினார். அந்நூலுக்கு 2014இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது கிடைத்தது.

கதைக்குள் ஆட்டம் இவ்வாறு நுழைந்திருக்க, ஆட்டத்துக்கென இதழ்கள் ஒதுக்கிய பக்கங்கள் வேறு வழியில் சென்றன. ஆறு வித்தியாசங்கள், புள்ளிகளை இணைத்தல், வழி கண்டுபிடித்தல், குறுக்கெழுத்து, விடுகதை ஆகியவை சிறுவர் இதழ்களிலும் நாளிதழ்களின் இணைப்புகளிலும் நிலையான இடம் பெற்றவை. அவை நல்லவை, கண்ணுக்கும் மூளைக்கும் வேலை கொடுப்பவை. ஆனால் அவையனைத்தும் ஒருவர் தனியே உட்கார்ந்து பென்சிலால் ஆடும் ஆட்டங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடச் சொல்லும் பக்கம், மண்ணில் கோடு போடச் சொல்லும் பக்கம், புளியங்கொட்டை பொறுக்கி வரச் சொல்லும் பக்கம் அரிதாகவே கண்ணில் படுகின்றன. முன்பு அதற்குத் தேவையும் இருக்கவில்லை. தெருவிலே மூத்த பிள்ளைகளிடமிருந்து இளைய பிள்ளைகளுக்கு ஆட்டங்கள் கைமாறிக்கொண்டிருந்தன. மதுரையைச் சுற்றிய ஊர்களில் கண்மாய்க்கரைகளும் களத்துமேடுகளும் வீட்டுமனைகளாகி, தெருக்களை வண்டிகள் பிடித்துக்கொண்ட பிறகு அந்தக் கைமாற்றம் பல இடங்களில் அறுந்திருக்கிறது. வாய்மொழி அறுந்த இடத்தில் எழுத்துதான் பாலமாக முடியும்.

அப்படிப்பட்ட எழுத்துக்குத் தமிழில் ஒரு முன்மாதிரி ஏற்கெனவே உண்டு. மொழி ஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர் எழுதிய ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ 1954இல் வெளிவந்தது. வேர்ச்சொல் ஆராய்ச்சியாளராகவே பெரிதும் அறியப்படும் பாவாணர் நெடுங்காலம் பல ஊர்ப் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்தவர். 1981 ஜனவரியில் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்தவிடத்தில் மறைந்தார். அவருக்கு மதுரையில் மணிமண்டபமும் உண்டு. சொல்லாய்வில் அவர் சென்று சேர்ந்த முடிவுகள் சிலவற்றை மறுப்போர் உளர். ஆனால் இந்தச் சிறு நூலின் அருமையை மறுக்க இயலாது. ஒவ்வோர் ஆட்டத்தையும் அவர் ஓர் ஒழுங்கில் வைத்து விளக்குகிறார்: ஆட்டின் பெயர், ஆடுவார் தொகை, ஆடுகருவி, ஆடிடம், ஆடுமுறை, ஆட்டுத் தோற்றம், ஆட்டின் பயன். இங்கே ‘ஆட்டு’ என்பது விளையாட்டு. ‘ஆடுகருவி’ என்பது கோலிக்குண்டு, கிட்டி, புள், கல், கொட்டை போன்ற பொருள்கள். எத்தனை பேர், எதைக்கொண்டு, எங்கே, எப்படி என்னும் நான்கு கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டால், முன்பின் அறியாத ஓர் ஆட்டத்தையும் நூலைப் பார்த்தே ஆடிவிடலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். பாவாணர் ஏட்டில் ஏற்றிய ஆட்டம் தெருவில் இறங்கி ஆடத்தக்கதாக இருக்கிறது.

பாவாணர் நூலின் பகுப்பு முறையும் சிந்தனைக்குரியது. இளைஞர் ஆட்டுகள், பெரியோர் ஆட்டுகள் என இரண்டாகப் பிரித்து, இளைஞர் ஆட்டுகளை ஆண்பால், பெண்பால், இருபால் என வகுத்து, அவற்றையும் பகலில் ஆடுவன, இரவில் ஆடுவன, இருபொழுதும் ஆடுவன என்று மேலும் பிரித்திருக்கிறார். பொழுதை வைத்துப் பகுத்தது அழகான பகுப்பு. மின்விளக்கு பரவாத நாளில் நிலா வெளிச்சமே ஓர் ஆடுகருவியாக இருந்ததை அது நினைவூட்டுகிறது. ஆண், பெண் என்னும் பகுப்பு அவர் கண்ட வழக்கின் பதிவு. அது மிகப் பழைய வழக்கும்கூட. பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை ஆண்குழந்தைக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் ஆகியவற்றைக் கொடுக்கிறது. குமரகுருபரரின் மதுரை மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழோ மீனாட்சிக்கு அம்மானையையும் நீராடலையும் ஊசலையும் கொடுக்கிறது. பெண்பிள்ளை மணலில் வீடு கட்ட, ஆண்பிள்ளை அதை மிதித்துக் கலைப்பான் என்பதே சிற்றில் பருவத்தின் காட்சி. இன்றைய சிறார் இதழில் ஆட்டம் எழுதுவோர் பாவாணரின் ஒழுங்கைப் பின்பற்றுவது நல்லது. இந்த ஒரு பகுப்பை விட்டுவிடுவது அதைவிட நல்லது. பம்பரம் விடும் சிறுமியையும் சொட்டாங்கல் ஆடும் சிறுவனையும் படத்தில் வரைந்தாலே போதும், தனியே அறிவுரை வேண்டியதில்லை.

ஓர் ஆட்டத்தை எழுதுவது எவ்வளவு நுட்பமான வேலை என்பதற்கு ஆடுபுலி ஆட்டமே சான்று. அதன் களம் மலை போன்ற ஒரு முக்கோணம். உச்சியிலிருந்து நான்கு கோடுகள் அடிக்கோடு வரை இறங்கும். நடுவே செல்லும் மூன்று குறுக்குக் கோடுகள் மலையின் இருபுறமும் வெளியே நீண்டு, அங்கே நெடுங்கோடுகளால் இணைக்கப்படும். உச்சி ஒன்று, மூன்று குறுக்குக் கோடுகளிலும் ஆறு ஆறாகப் பதினெட்டு, அடியில் நான்கு என 23 சந்திப்புகள் கிடைக்கும். ஒருவர் கையில் மூன்று புலிகள், மற்றவர் கையில் பதினைந்து ஆடுகள். புலிகள் முதலில் இறங்கும். ஆடுகள் முறைக்கு ஒன்றாக இறங்கும். பக்கத்துச் சந்திப்பில் ஆடு இருந்து, அதே கோட்டில் அதற்கு அடுத்த சந்திப்பு காலியாக இருந்தால், புலி ஆட்டைத் தாண்டிக் குதித்து அதை வெட்டிவிடலாம். ஆடுகளால் எதையும் வெட்ட முடியாது. மூன்று புலிகளையும் எந்தப் பக்கமும் அசைய விடாமல் அடைத்துவிட்டால் ஆடுகளுக்கு வெற்றி.

இதில் மிக முக்கியமான விதி, ஆடுகள் அனைத்தும் களத்தில் இறங்கி முடிவதற்குமுன் எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது என்பதாகும். பாடநூல் நடையில் இதனை எழுதினால், “ஆடுகள் அனைத்தும் வைக்கப்பட்ட பின்னரே அவை நகர்த்தப்பட வேண்டும்” என்று வரும். பொருளில் பிழையில்லை; ஆயினும் ஒன்பது வயதுப் பிள்ளை இதை இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கும், படித்த பிறகும் புலிக்கும் இதே கட்டுப்பாடு உண்டா என்னும் ஐயம் நிற்கும். “பதினைந்து ஆடும் இறங்கி முடியும்வரை எந்த ஆடும் அசையாது, புலி மட்டும் முதலிலிருந்தே நடக்கும்” என்று எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை, ஓர் அச்சமும் உடன் பிறக்கிறது. நடக்கும் புலிக்கு முன்னே நகர முடியாமல் நிற்கும் ஆடு என்னும் காட்சி அந்த ஒரு வரியிலேயே வந்துவிடுகிறது. ‘வைக்கப்பட்ட’, ‘நகர்த்தப்பட’ என்னும் செயப்பாட்டு வினைகள், அதாவது செய்தவர் யார் என்று சொல்லாமல் செயலை மட்டும் சொல்லும் வினைகள், ஆட்ட விளக்கத்தைப் பாழாக்கும் முதல் பகை. ஆட்டத்தில் ஒவ்வொரு செயலுக்கும் செய்பவர் ஒருவர் உண்டு. அவரைச் சொல்லாவிட்டால் யாருடைய முறை என்பதே தெரியாது.

மேலும், இந்த விதிகளுக்குள்ளேயே ஒரு கதை இருக்கிறது. தனியே நிற்கும் ஆட்டைப் புலி வெட்டும். முதுகுக்குப் பின்னே இன்னோர் ஆடு நிற்குமானால் குதிக்க இடமின்றிப் புலி திகைக்கும். எளியவர் ஒட்டி நின்றால் வலியவர் பசியோடு திரும்ப வேண்டியதுதான் என்பதைப் பஞ்சதந்திரக் கதை சொல்லிவிட்டு, கடைசியில் நீதியாக மீண்டும் ஒருமுறை சொல்கிறது. ஆடுபுலியில் அதை எவரும் சொல்வதில்லை, இரண்டு ஆடுகளை இழந்தபின் பிள்ளையே கண்டுகொள்கிறது. நேபாளத்தில் ஐந்துக்கு ஐந்து சந்திப்புகள் கொண்ட சதுரக் களத்தில் நான்கு புலிகளும் இருபது ஆடுகளுமாக ஆடப்படும் பாக்சால் இதற்கு நெருங்கிய உறவு. இரு களங்களையும் ஒரே பக்கத்தில் வரைந்து, எதில் புலிக்குக் குதிக்க வழி அதிகம் என்று கேட்டால், ஒரு சிறார் இதழுக்கு அதைவிடச் சுவையான கணக்குப் பாடம் கிடைப்பது அரிது.

கதையைத் தன்னுள் வைத்திருக்கும் ஆட்டங்கள் வேறும் உள. பரமபதத்தில் ஏணிகள் நற்குணங்களின் பெயரையும் பாம்புகள் புராணத்துத் தீயோரின் பெயரையும் தாங்கி நிற்பதால் பலகையே ஒரு புராணச் சுருக்கமாகிறது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க அதை ஆடுவர். பல்லாங்குழியில் தன் குழியில் நான்கு முத்துச் சேர்ந்தால் அதற்குப் ‘பசு’ என்று பெயர், அதை எடுத்துக்கொள்ளலாம். விதைத்தல், அள்ளுதல், பசு சேர்த்தல் என அந்த ஆட்டத்தின் பேச்சே ஓர் உழவர் வீட்டின் பேச்சாக ஒலிக்கிறது. இருவர் ஆடும் பல்லாங்குழியை ஒருவரே ஆடும் முறைக்குச் சீதைப் பாண்டி என்று பெயர். அசோகவனத்தில் தனித்திருந்த சீதை ஆடியது என்று பாட்டிமார் சொல்வர். துணையில்லாதவருக்கும் ஓர் ஆட்டம் வேண்டும் என்று எண்ணி, அதற்கு அந்தப் பெயரையும் வைத்த பெண்கள் யாரோ; அவர்களை விடச் சிறந்த சிறுகதை ஆசிரியர்கள் இருந்திருப்பார்களா என்று எண்ணத் தோன்றுகிறது.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். ஐந்து சிறு கற்களைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் ஆட்டத்துக்கு மதுரைப் பக்கத்தில் தட்டாங்கல் என்றும் சொட்டாங்கல் என்றும் பெயர் உண்டு. வேறு ஊர்களில் அஞ்சாங்கல், கல்லாங்காய். சங்க இலக்கியம் அறிந்த பெயர் கழங்கு. ஓட்டுச் சில்லை எறிந்து நொண்டியடித்துக் கட்டங்களைக் கடப்பது ஓரிடத்தில் பாண்டி, ஓரிடத்தில் நொண்டி, ஓரிடத்தில் சில்லு. கிளித்தட்டு ஈழத்தில் தாச்சி என்றும் வழங்கும். இதழாசிரியர் ஒரு பொதுப்பெயரைத் தேர்ந்து மற்றவற்றை நீக்கிவிடுவது எளிது. ஆனால் தன் தெருவில் வழங்கும் பெயரை அச்சில் காணும் பிள்ளை அடையும் உவகை பெரிது, தன் பெயர் விடுபட்டதைக் காணும் பிள்ளை உடனே எழுதியனுப்பும் கடிதம் அதைவிடப் பெரிது. அதுபோலவே ‘அழுகுணியாட்டம்’, ‘உத்தி பிரித்தல்’ போன்ற ஆட்டக்களத்துச் சொற்களைப் பொதுநடைக்கு மாற்ற முயல்வது வீண். உத்தி பிரித்தல் என்பது இரண்டு இரண்டு பிள்ளைகளாகத் தோளில் கைபோட்டுத் தனியே சென்று, ஆளுக்கொரு மறைபெயர் வைத்துக்கொண்டு வந்து, எந்தப் பெயர் வேண்டும் என்று தலைவர்களைக் கேட்பதன்மூலம் அணியைப் பிரிக்கும் முறை. ஒத்த வலிமையுள்ளோர் இருவர் சேர்ந்தே உத்திக்குப் போவதால் அணிகள் தாமே சமமாகிவிடும். ஒரு சொல்லுக்குள் இத்தனை நேர்மை அடங்கியிருக்கிறது.

‘ஒப்புக்குச் சப்பாணி’ என்னும் சொல் இன்னும் மேலானது. பெரிய பிள்ளைகளோடு ஆட வயது போதாத தம்பியையோ தங்கையையோ ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டு, அவர்கள் தோற்றாலும் தோல்வியாகக் கணக்கில் வைக்காமல் ஓடவிடுவதே ஒப்புக்குச் சப்பாணியாக இருத்தல். அந்தப் பெயரில் உடற்குறையைச் சுட்டும் சொல் இருப்பது உண்மை. இன்று எழுதுவோர் பெயரை மாற்றிக்கொள்ளலாம், வழக்கத்தை விட்டுவிடக் கூடாது. எந்தச் சட்டமும் எழுதாதபோது, எவரையும் வெளியே நிறுத்தாத ஓர் ஏற்பாட்டைப் பிள்ளைகள் தமக்குள் செய்துவைத்திருந்தார்கள்.

நாகமலையிலிருந்து மதுரை நகரைக் கடந்து தென்கிழக்கே சென்றால் வரும் கீழடி இந்தப் பேச்சுக்கு ஓர் ஆழத்தைக் கொடுக்கிறது. அங்கே நடந்த அகழாய்வுகளில் பானை ஓடுகளை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகள் 600 அளவில் கிடைத்ததையும், சுடுமண்ணால் ஆன ஆட்டக்காய்கள் 80 கிடைத்ததையும், பகடைக்காய் கிடைத்ததையும் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. சில்லுகள் பாண்டி ஆட்டத்துக்கு உரியவையாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்கு முன் நிற்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, பொன்னணியும் மணியும் வியப்பைத் தரக்கூடும். சில்லு வேறு உணர்வைத் தரும், ஏனென்றால் அதேபோன்ற ஓட்டுத்துண்டு அவர்கள் வீட்டுக் கொல்லையிலும் கிடைக்கும். உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியைக் களமாகக் கொண்ட சிறார் நாவல். அதற்கு 2023இல் பால சாகித்திய விருது கிடைத்தது. ஆதன் என்பது கீழடியின் பானையோடுகளிலேயே தமிழி எழுத்தில் கீறப்பட்டிருக்கும் பெயர். அந்த நாவலைப் படித்து முடித்த வகுப்பு, அடுத்த பாடவேளையில் ஓட்டுச்சில்லு எடுத்துக் களம் கீறி ஆடினால், கதை எங்கே முடிந்தது, ஆட்டம் எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இவ்வாறு செய்வதற்குப் பள்ளிகளுக்குத் தடை ஏதும் இல்லை. சட்டம் அதைத்தான் கேட்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றைப் பட்டியலிடும் அட்டவணையில் விளையாட்டுத் திடலைச் சொல்கிறது; இதழ்களும் கதைப் புத்தகங்களும் கொண்ட நூலகத்தைச் சொல்கிறது; அதற்கு அடுத்த வரியிலேயே விளையாட்டுப் பொருள்களைச் சொல்கிறது. தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை 2022இல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு ‘ஊஞ்சல்’ இதழையும், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை ‘தேன்சிட்டு’ இதழையும் தொடங்கியது. அடுத்த ஆண்டு வந்த வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களைக் கடினத்தின் படி வரிசைப்படுத்தி அவற்றுக்கு நுழை, நட, ஓடு, பற என்று பெயர் வைத்தது. வாசிப்பின் படிகளுக்கு உடலசைவின் பெயர்களை வைத்தவர் விளையாட்டை அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும். அதே 2023இல் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறாருக்கெனத் தனிப் பகுதியும் உண்டு. இதழும் நூலும் இடமும் இருக்கின்றன. இனி வேண்டியது அவற்றில் ஏறுவதற்கான ஆட்டங்கள்.

அவற்றை எழுதத் தக்கவர் பிள்ளைகளே. இங்கிலாந்தில் அயோனா ஓபி, பீட்டர் ஓபி என்னும் தம்பதியர் நாடெங்கும் பள்ளிகளில் படித்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் கேட்டுத் தெரு விளையாட்டுகளைத் தொகுத்து 1969இல் நூலாக்கினர். பெரியவர்களின் நினைவை நம்பாமல், ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் சொல்லையே சான்றாக ஏற்றதுதான் அந்நூலின் தனிச்சிறப்பு. நாகமலை புதுக்கோட்டையில் ஒரு நடுநிலைப் பள்ளி வகுப்புக்கும் இது எட்டாத வேலையன்று. அப்பத்தாவிடமும் பெரியம்மாவிடமும் பக்கத்துத் தெரு அண்ணனிடமும் கேட்டு, பாவாணரின் ஏழு தலைப்புகளை ஒரு தாளில் எழுதி நிரப்பி வரச் சொல்லலாம். பிறகு அந்தத் தாளை அந்த ஆட்டம் தெரியாத இன்னொரு குழுவிடம் கொடுத்து, எழுதியவர் வாய் திறக்காமல் நிற்க, தாளை மட்டும் பார்த்து ஆடச் சொல்லலாம். எந்த இடத்தில் ஆட்டம் நிற்கிறதோ அந்த இடத்தில் வாக்கியம் திருத்தப்பட வேண்டும். எழுத்துப் பயிற்சிக்கு இதனினும் கண்டிப்பான, இதனினும் அன்பான திருத்துநர் வேறில்லை.

அப்படித் திருத்தி எழுதப்படும் முதல் தாள் பாண்டியைப் பற்றியதாக இருந்தால், ஆறாவது தலைப்புக்கு வருவதற்கு முன்பே வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். கட்டத்துக்குள் விழுந்தால் ஆட்டம், வெளியே விழுந்தால் தோல்வி என்பதில் எவருக்கும் மறுப்பிராது. சில்லின் பாதி உள்ளேயும் பாதி கோட்டின் மேலேயுமாகக் கிடந்தால் என்ன என்பதில்தான் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வழக்கு உண்டு. வடக்குத் தெரு மறுபடி எறியச் சொல்லும், தெற்குத் தெரு ஆட்டம் போயிற்று என்னும். தாளில் இரண்டையும் எழுதி, எந்தத் தெருவின் விதி எது என்று பெயரிட்டு, ஆடத் தொடங்குமுன் எதன்படி ஆடுவது என்று பேசிக்கொள்ளச் சொல்லி ஒரு வரி சேர்த்தால், அந்தத் தாளை இதழுக்கு அனுப்பலாம்.